மாடுகளோடு ஒரு வாரம்: வயோமிங், மொன்டானா பண்ணைகளுக்கு விருந்தினராகப் போவது பற்றி

தூரதேசி

வணக்கம். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலோ மொன்டானாவிலோ ஒரு மேய்ச்சல் பண்ணையில் குடும்பத்துடன் ஒரு வாரம் தங்கலாம் என்று இருக்கிறோம். பண்ணை என்ற பெயரில் நடக்கும் சொகுசு விடுதி வேண்டாம். ஒரு குடும்பம் மாடு வளர்த்தே பிழைக்கிறது, கூடவே விருந்தினர் சிலரையும் சேர்த்துக்கொள்கிறது என்றால் அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் போக ஆசை. ஆனால் இணையத்தில் பார்த்தால் எல்லோருமே தங்களுடையதுதான் அசல் பண்ணை என்கிறார்கள். படங்களும் ஒன்றுபோலவே இருக்கின்றன: மலை, குதிரை, தொப்பி, அந்தி வெயில்.

வருபவர்கள் நான், மனைவி, 13 வயது மகள், அமெரிக்காவில் இருக்கும் எங்களைப் பார்க்க இந்தியாவிலிருந்து வரும் அப்பா. அப்பாவுக்கு 68 வயது. இன்றைக்கும் வீட்டில் மாடு வைத்திருக்கிறார். எங்களில் யாருக்கும் குதிரையேற்றம் தெரியாது. அசல் பண்ணையை எப்படி அடையாளம் காண்பது, எந்த மாதம் போவது, குதிரை தெரியாத நாங்கள் அங்கே போய் இடைஞ்சலாக இருப்போமா? போய் வந்தவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

புல்வெளி

நான் மொன்டானாவில் பில்லிங்ஸ் பக்கம் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். அண்டை அயலார் பாதிப் பேர் மாட்டுக்காரர்கள். அவர்களில் சிலர் விருந்தினரை ஏற்கிறார்கள். இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் கூப்பிட்டால் நாங்களும் வேலையில் கை கொடுக்கப் போவோம். அந்த வகையில் சொல்கிறேன்.

இணையதளத்தை மூடிவிட்டுத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். முதல் கேள்வியாக "உங்களிடம் எத்தனை பசுக்கள் இருக்கின்றன?" என்று கேளுங்கள். மாட்டுக்காரர் தன் மந்தையின் கணக்கைப் பொதுவாக வெளியாரிடம் சொல்ல விரும்பமாட்டார். அது வங்கியில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று கேட்பது மாதிரி. சரியான எண்ணைச் சொல்லாமல் "சில நூறு" என்று இழுத்தால் அதுவே நல்ல அறிகுறி. அடுத்து, "நாங்கள் வர நினைக்கும் இதே வாரத்தில், போன ஆண்டு என்ன வேலை நடந்தது?" என்று கேளுங்கள். "காலையில் குதிரைச் சவாரி, மாலையில் தீமூட்டிப் பாட்டு" என்று பதில் வந்தால் அது விடுதி. "அந்த வாரம் மழையால் உலர்புல் அறுப்பு தள்ளிப்போனது, வடக்கு மேய்ச்சலில் தண்ணீர்க் குழாய் உடைந்து அதற்கே பாதி நாள் போனது" என்று வந்தால் நீங்கள் தேடும் இடம் அதுதான்.

மூன்றாவதாக, மந்தை அவர்களுடையதா என்று கேளுங்கள். சில இடங்களில் கோடைக்கு மட்டும் வேறொருவரின் மாடுகளைக் கொண்டுவந்து, வாரந்தோறும் புது விருந்தினருக்காக அதே மாடுகளை அங்கும் இங்கும் ஓட்டிக் காட்டுகிறார்கள். ஒரு வேலையும் இல்லாமல் மாட்டை ஓட்டினால் அதன் உடம்பு இளைக்கும். மாட்டை நம்பிப் பிழைக்கும் குடும்பம் அதைச் செய்யாது.

பழங்கதை

புல்வெளி சொன்னதோடு கொஞ்சம் வரலாறும் சேர்த்துக்கொள்ளலாம், ஏனென்றால் இந்த இரண்டு வகைப் பண்ணைகளும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

பிட்ஸ்பர்கிலிருந்து மேற்கே வந்த ஹோவர்ட், வில்லிஸ், ஆல்டன் ஈட்டன் என்ற சகோதரர்கள் வடக்கு டகோடாவில் மெடோரா அருகே கஸ்டர் டிரெயில் என்ற பண்ணையை நடத்தினார்கள். கிழக்கிலிருந்து நண்பர்கள் வந்து வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்கினார்கள். வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டுக் கட்டுப்படியாகவில்லை. விருந்தினர்களே பணம் கொடுத்துத் தங்க முன்வந்தார்கள். இது 1880களில் நடந்தது. வெளியூர்க்காரரை அந்தப் பக்கத்தில் 'டூட்' என்பார்கள். டூட் பண்ணை என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது. தியடோர் ரூஸ்வெல்ட்டும் அதே காலத்தில், 1883இல், காட்டெருமை வேட்டைக்கென்று அந்தப் பகுதிக்கு வந்து, பிறகு அங்கேயே மாடு வளர்க்க முதல் போட்டவர்.

1886 கோடையில் மழை இல்லை, புல் கருகிவிட்டது. அதைத் தொடர்ந்து வந்த குளிர்காலத்தில் பனி உறைந்து, அடியில் இருந்த கொஞ்சநஞ்சப் புல்லையும் மாடுகளால் எட்ட முடியவில்லை. வடக்குச் சமவெளிகளில் மந்தை மந்தையாகச் செத்தன. பெரிய கம்பெனிகள் முழுகிப்போயின. மாட்டை மட்டும் நம்பினால் ஒரே குளிர்காலம் குடும்பத்தை அழித்துவிடும் என்பது அந்தப் பகுதி மக்கள் மனத்தில் ஆழமாகப் பதிந்தது அப்போதுதான். விருந்தினர் தரும் பணம் மாட்டோடு சேர்ந்த இரண்டாவது வருமானமாக வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. ஈட்டன் குடும்பம் 1904இல் வயோமிங்கின் ஷெரிடன் அருகே இடம் மாறியது. அந்தப் பண்ணை இன்றும் இருக்கிறது. 1926இல் நார்தர்ன் பசிபிக் ரயில்வேயின் ஊக்கத்தோடு டூட் பண்ணைக்காரர்களின் சங்கமும் தொடங்கியது.

கணக்கன்

எனக்கு இதில் ஒரு விஷயம் விளங்கவே இல்லை. ஒருவருக்கு ஒரு வாரத்துக்கு 2000 டாலரும் அதற்கு மேலும் வாங்குகிறார்கள். நான்கு பேர் என்றால் பெரும் தொகை. கொடுத்த பிறகு நாம் போய் வேலி கட்ட வேண்டும், மாடு ஓட்ட வேண்டும். கூலிக்கு ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலையை விருந்தினரின் பணத்தில் விருந்தினரைக் கொண்டே செய்துகொள்வது நியாயமா? தூரதேசி, அந்தப் பணத்தில் யெல்லோஸ்டோன் பூங்காவை நிம்மதியாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம் என்பது என் யோசனை.

புல்வெளி

கணக்கன், நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. கணக்கை அவர்கள் பக்கத்திலிருந்தும் போட்டுப் பாருங்கள்.

விருந்தினரால் வேலை குறைவதில்லை, கூடுகிறது. பழகிய இரண்டு பேர் காலை உணவுக்கு முன்பே ஒரு மந்தையை அடுத்த மேய்ச்சலுக்கு மாற்றிவிடுவார்கள். ஆறு புதியவர்கள் சேர்ந்தால் அதே வேலைக்கு மதியம் ஆகிவிடும். ஒவ்வொருவருடைய சேணத்தின் வயிற்றுப் பட்டையையும் இறுக்கிப் பார்க்க வேண்டும், யாருடைய குதிரை புல் மேய நின்றுவிட்டது என்று திரும்பிப் பார்க்க வேண்டும், மாடு கலைந்தால் மறுபடி கூட்ட வேண்டும். வீட்டில் ஒருவர் இதற்கென்றே நாள் முழுவதும் ஒதுங்கிவிடுகிறார்.

அடுத்தது குதிரை. விருந்தினருக்கென்று வைத்திருக்கும் சாதுவான குதிரைகளுக்கு வேலை இருப்பது கோடையில் சில மாதங்கள்தான். தீனி, லாடம், மருத்துவம் எல்லாம் ஆண்டு முழுவதும். அதற்கு மேல் காப்பீடு. உங்கள் பணம் பெரும்பாலும் அங்கேதான் போகிறது. மிச்சத்தில் நிலத்தின் மீதுள்ள கடன் கொஞ்சம் அடைகிறது. நிலத்தைத் துண்டு போட்டு வீட்டுமனைக்கு விற்றுவிட்டுப் போன குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. விற்காமல் தாக்குப்பிடிப்பவர்கள் சிலருக்கு இந்த வருமானம்தான் பிடிமானம். எனக்கு அது பெரிய விஷயம். வேலி எடுபட்டு, வீடுகள் வந்துவிட்ட பள்ளத்தாக்குகளைப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது.

மரகதப்பறவை

நான் இரண்டு பிள்ளைகளோடு ஷெரிடன் பக்கத்துப் பண்ணை ஒன்றில் தங்கியிருக்கிறேன். கணக்கன் அண்ணா பூங்காவுக்குப் போகச் சொல்கிறார், அதுவும் நல்ல விடுமுறைதான். ஆனால் பூங்காவில் நாம் காரில் இருந்து பார்க்கிறோம். பண்ணையில் நம் கைக்கு ஒரு வேலை கிடைக்கிறது, அதைத் தப்பாகச் செய்தால் ஒரு மாட்டுக்குப் பாதிப்பு வரும் என்ற பொறுப்பும் கூடவே வருகிறது. என் மகன் அந்த வாரம் நடந்துகொண்ட விதத்தை வீட்டில் நான் கண்டதில்லை.

ஒரே ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். கம்பிக் கதவு. அங்கே மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே இரும்புக் கதவு எல்லா இடத்திலும் இருக்காது. நாலைந்து முள்கம்பிகளை மெல்லிய கழிகளில் கட்டி, கடைசிக் கழியை வேலிக்கம்பத்தோடு இரண்டு கம்பி வளையங்களில் மாட்டியிருப்பார்கள். திறப்பது எளிது. மூடும்போது கழியின் அடிநுனியை முதலில் கீழ் வளையத்துக்குள் நுழைக்க வேண்டும். பிறகு கம்பத்தைத் தோளால் அணைத்து, கழியை நம் பக்கம் இழுத்து, மேல் வளையத்தை அதன் தலையில் ஏற்ற வேண்டும். கம்பி இறுக்கமாக இருந்தால் பெரியவர்களுக்கே மூச்சு வாங்கும். பண்ணைப் பாட்டி என் மகனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அவன் போராடும்போது கை கொடுக்காமல் நின்றார். வளையம் ஏறியதும் "சரி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். அதன்பின் எந்தக் கதவு வந்தாலும் அவன்தான் முதலில் இறங்கினான்.

கதவு பற்றிய விதியும் அங்கே கறாரானது: திறந்திருந்த கதவைத் திறந்தே விடு, மூடியிருந்ததை மூடிவிட்டுப் போ. உதவி செய்கிறோம் என்று திறந்த கதவை மூடிவிட்டால் மந்தை தண்ணீருக்குப் போகும் வழி அடைபட்டுவிடும். வெயில் நாளில் பால் கொடுக்கும் பசு 50 லிட்டருக்கு மேல் குடிக்கும்.

தூரதேசி அண்ணா, 13 வயது நல்ல வயது. சின்னப் பிள்ளைகள் என்றால் பல பண்ணைகளில் மாட்டு வேலைக்குச் சேர்க்கமாட்டார்கள்.

தூரதேசி

எல்லோருக்கும் நன்றி. மரகதப்பறவை சகோதரி, கதவுப் பகுதியை மகளிடம் படித்துக் காட்டினேன், இப்போதே போகலாமா என்கிறாள். மாதம் பற்றி யாராவது சொல்லுங்கள். மகளின் பள்ளியை வைத்துப் பார்த்தால் ஜூன் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை வசதி. செப்டம்பரிலும் ஒரு வாரம் விடுப்பு கேட்டுப் பார்க்கலாம்.

புல்வெளி

மாதம் என்பது மாட்டின் ஆண்டைப் பொறுத்தது. பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 283 நாள். இளவேனிலில் புல் முளைக்கும் நேரத்தில் கன்று நிற்க வேண்டும் என்பதற்காகக் கோடையில் காளையைச் சேர்க்கிறார்கள். ஒரு காளைக்கு 20, 25 பசுக்கள் என்பது வழக்கமான கணக்கு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கன்று ஈனும் காலம். இரவெல்லாம் விளக்கோடு சுற்றுவார்கள், பனியில் விழுந்த கன்றை வீட்டுக்குள் கொண்டுவந்து உலர்த்துவார்கள். அந்த நேரத்தில் விருந்தினரை ஏற்பவர்கள் வெகு குறைவு.

மே, ஜூனில் கன்றுகளுக்குச் சூடு போடும் நாள். ஊரே கூடும். ஜூனில் மந்தையை மலைமேய்ச்சலுக்கு ஏற்றுவார்கள். ஷெரிடன் பக்கத்துப் பிக்ஹார்ன் மலையில் 8000 அடிக்கு மேல் கூட மேய்ச்சல் உண்டு. ஏற்றும் தேதி வீட்டுக்காரர் கையில் இல்லை. வயோமிங்கில் ஏறக்குறைய பாதி நிலம் மத்திய அரசுடையது. வனத்துறை நிலத்தில் மேய்க்க அனுமதிச் சீட்டு வேண்டும், எத்தனை மாடு, எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்பது அதில் எழுதியிருக்கும். பனி உருகத் தாமதமானால் தேதியும் தள்ளிப்போகும். அதனால் "ஜூன் இத்தனாம் தேதி மாடு ஓட்டுவோம்" என்று ஆறு மாதத்துக்கு முன்பே உறுதி சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் கீழே உலர்புல் அறுப்பு. மேலே மாடு சிதறிக் கிடக்கும். உப்புக்கட்டி கொண்டுபோய் வைப்பது, வேலி பார்ப்பது, கால் நொண்டும் மாட்டைத் தேடுவது என்று வேலைகள் அமைதியாக இருக்கும். புதியவர்கள் குதிரையோடு பழக இது நல்ல காலம். செப்டம்பர், அக்டோபரில் மலையிலிருந்து மந்தையை இறக்குவார்கள். பிறகு கன்றைத் தாயிடமிருந்து பிரிப்பது, சினைப் பரிசோதனை, விற்பனை. உண்மையான மாட்டு வேலை வேண்டும் என்றால் என் ஓட்டு செப்டம்பருக்குத்தான். உண்ணித் தொல்லையும் அப்போது இருக்காது, அது பனி உருகியதிலிருந்து ஜூலை தொடக்கம் வரைதான் அதிகம்.

இலைச்சாப்பாடு

நான் சைவம். இந்த இழையைப் படிக்கும்போது ஆசையும் தயக்கமும் சேர்ந்தே வருகின்றன. சாப்பாட்டை எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம். என் தயக்கம் வேறு. அந்தக் கன்றுகள் எல்லாம் எங்கே போகின்றன என்று நமக்குத் தெரியும். சூடு போடுவதும் காயடிப்பதும் வலி. அதைப் பணம் கொடுத்துப் போய் விடுமுறை என்ற பெயரில் பார்ப்பது சரியா? பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டீர்கள்? யாரையும் குறை சொல்லவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

வெள்ளைக்கோட்டு

நான் கால்நடை மருத்துவர். கொலராடோவில் மாட்டு மருத்துவம் பார்க்கிறேன். மூடி மறைக்காமல் சொல்கிறேன்.

இலையுதிர் காலத்தில் விற்கப்படும் கன்று 225 கிலோவுக்கு மேல் இருக்கும். பெரும்பாலானவை நெப்ராஸ்கா, கன்சாஸ் போன்ற மாநிலங்களில் கொழுக்க வைக்கும் பட்டிகளுக்குப் போய், ஒன்றரை வயதை ஒட்டி அறுக்கப்படுகின்றன. நல்ல கிடேரிகளைப் பண்ணையிலேயே வைத்துக்கொள்வார்கள். இதைப் பிள்ளைகளிடம் புறப்படுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அங்கே போய்க் கன்றுக்குப் பெயர் வைத்த பிறகு தெரியவந்தால் அந்த வலி பெரிது.

சூடு போடுவது வலிதான், ஐயமே இல்லை. மேற்கு மாநிலங்களில் மாட்டின் உடைமைக்குச் சட்டப்படியான அடையாளம் இன்றும் சூட்டுக்குறிதான். வயோமிங்கிலும் மொன்டானாவிலும் மாட்டை மாவட்டம் தாண்டிக் கொண்டுபோகக் குறியைப் பரிசோதிக்கும் அதிகாரி பார்த்தாக வேண்டும். சிலர் திரவ நைட்ரஜனில் குளிரூட்டிய அச்சைப் பயன்படுத்துகிறார்கள். நிறமிச் செல்கள் அழிந்து அந்த இடத்தில் முடி வெள்ளையாக முளைக்கும். காயடிக்கும்போது வலி மருந்து கொடுக்கும் பண்ணைகளும் இருக்கின்றன. முன்பதிவின்போதே கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. அந்த நாளில் கலந்துகொள்ள வேண்டாம் என்றால் நல்ல பண்ணைக்காரர் வற்புறுத்தமாட்டார்.

எனக்கு முக்கியமாகப் படுவது மாட்டை எப்படி நடத்துகிறார்கள் என்பது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின் போன்றவர்கள் பல பத்தாண்டுகளாக வலியுறுத்துவது, சத்தமும் விரட்டலும் இல்லாமல் மாட்டை நகர்த்துவது. மாட்டைச் சுற்றி ஒரு கண்ணுக்குத் தெரியாத எல்லை உண்டு. அதன் ஓரத்தில் நீங்கள் கால் வைத்தால் மாடு ஓர் அடி நகரும், பின்வாங்கினால் நின்றுவிடும். தோளுக்குப் பின்னால் நின்று நெருங்கினால் முன்னே போகும். தோளைத் தாண்டி முன்னால் வந்தால் பின்னுக்குத் திரும்பும். இந்த இரண்டையும் தெரிந்துகொண்டால் ஒரு சொல்லும் பேசாமல் மாட்டைக் கதவுக்குள் கொண்டுபோகலாம். விருந்தினரைக் கூச்சல் போட்டு விரட்டச் சொல்லும் பண்ணை எனக்குப் பிடிக்காது. படங்களில் மாடுகள் தலை தூக்கி, வால் தூக்கி ஓடிக்கொண்டிருந்தால் அதை விளம்பரமாகக் கருதாமல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தூரதேசி ஐயா, உங்கள் அப்பா பற்றி ஒரு முக்கியமான விஷயம். அமெரிக்காவில் கோமாரி நோய் 1929க்குப் பிறகு வரவில்லை. இந்தியாவில் அது இன்னும் இருக்கிறது. வீட்டில் மாடு வைத்திருப்பவர் விமான நிலையத்தில் இறங்கும்போது, கால்நடைகளுக்கு அருகில் இருந்தேன் என்று சுங்க அறிவிப்பில் உள்ளபடி சொல்லிவிட வேண்டும். மாட்டுத் தொழுவத்தில் போட்ட செருப்பையும் உடையையும் கொண்டுவர வேண்டாம். வந்த பிறகு குறைந்தது ஐந்து நாளாவது இங்குள்ள மாடுகளிடம் போகாமல் இருக்கச் சொல்வது வழக்கம். நான் இன்னும் கூடுதலாகவே விடச் சொல்வேன். பண்ணைக்காரரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்களே சொன்னால் அவர் உங்களை மதிப்பார்.

இலைச்சாப்பாடு

மறைக்காமல் எழுதியதற்கு நன்றி ஐயா. என் மனம் இன்னும் முழுதாக ஒப்பவில்லை. ஆனால் மாட்டை விரட்டாமல் நகர்த்துவது பற்றி எழுதியதை மூன்று முறை படித்தேன். சாப்பாடு பற்றியும் யாராவது சொல்லிவிடுங்கள்.

மரகதப்பறவை

சமைப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்மணி அல்லது ஒரே ஒரு சமையற்காரர். நாள்தோறும் மாட்டிறைச்சி இருக்கும். கடைக்குப் போக ஒரு மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டிய இடங்கள் உண்டு, வாரத்துக்கு ஒருமுறைதான் சாமான் வாங்குவார்கள். அதனால் வாசலில் போய் இறங்கிய பிறகு "நான் சைவம்" என்று சொல்வது அவர்களைச் சங்கடப்படுத்துவதாகும். முன்பதிவின்போதே சொன்னால் பீன்ஸ், முட்டை, சீஸ், காய்கறி, ரொட்டி என்று ஏற்பாடு செய்வார்கள். முட்டையும் இல்லை என்றால் அதைத் தனியாகச் சொல்லுங்கள், பலர் முட்டை சைவம் என்றே நினைக்கிறார்கள். நாங்கள் பருப்பும் பொடிகளும் கொண்டுபோனோம். ஒரு நாள் மாலை அடுப்பை எங்களிடம் விட்டார்கள்.

கணக்கன்

புல்வெளியின் கணக்கை ஏற்கிறேன், குதிரைத் தீனியை நான் நினைத்துப் பார்க்கவில்லை. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. இலவசத் தங்கலுக்குப் பதிலாகப் பண்ணை வேலை என்று சில விளம்பரங்கள் வருகின்றன. சுற்றுலா விசாவில் வருபவர்கள் அதில் சிக்கிவிடக் கூடாது. பணமாகக் கூலி வாங்கவில்லை என்றாலும், தங்க இடமும் சாப்பாடும் வேலைக்கு ஈடாகக் கிடைத்தால் அதையும் வேலையாகவே கருத இடமிருக்கிறது. பணம் கொடுத்து விருந்தினராகத் தங்குவது வேறு. தூரதேசியின் அப்பாவுக்கு இது பொருந்தும் என்பதால் சொல்கிறேன்.

செலவில் இன்னும் இரண்டு: 15 முதல் 20 சதவீதம் வரை அன்பளிப்பு கொடுப்பது இந்தப் பண்ணைகளில் வழக்கம். குடும்பமே எல்லா வேலையும் செய்யும் இடத்தில் அது யாருக்குப் போகிறது, தர வேண்டுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளலாம். பிறகு, விபத்து நேர்ந்தால் பண்ணையைப் பொறுப்பாக்கமாட்டோம் என்று நாம் கையெழுத்திடும் பொறுப்பு விலக்குப் பத்திரம். பெரும்பாலான மாநிலங்களில் குதிரையால் வரும் இயல்பான ஆபத்துக்கு உரிமையாளரைப் பொறுப்பாக்க முடியாதபடி சட்டம் இருக்கிறது. ஆகவே மருத்துவக் காப்பீடு, குறிப்பாக வெளிநாட்டிலிருந்து வரும் பெரியவருக்கு, இல்லாமல் போகாதீர்கள். அங்கிருந்து ஆஸ்பத்திரி வெகுதூரம்.

பழங்கதை

இலைச்சாப்பாடு எழுப்பியது போல எனக்கும் ஒன்று மனத்தில் உண்டு. இந்தப் புல்வெளிகள் ஆளில்லாமல் கிடந்தவை அல்ல. ஷெரிடனுக்கு வடக்கே மாநில எல்லையைத் தாண்டினால் கிரோ என்ற பூர்வகுடி மக்களின் நிலம் தொடங்குகிறது. ஒருகாலத்தில் பிக்ஹார்ன் மலையின் இந்தப் பக்கமும் அவர்கள் சுற்றித் திரிந்த நாடு. 1876இல் போர் நடந்த லிட்டில் பிக்ஹார்ன் களமும் அவர்களுடைய ஒதுக்கீட்டு நிலத்துக்குள் இருக்கிறது. பண்ணைக்குப் போகும் வழியில் அரை நாள் அங்கே ஒதுக்குங்கள். மாட்டுக்கு முன்னால் இங்கே மேய்ந்தது காட்டெருமை. அதை நம்பி வாழ்ந்தவர்களிடமிருந்து நிலம் எப்படிக் கை மாறியது என்பதைத் தெரிந்துகொண்டு போனால் பண்ணைத் தாத்தா சொல்லும் குடும்பக் கதை இன்னும் தெளிவாகப் புரியும். பல பண்ணைக் குடும்பங்கள் இதைப் பற்றி மனம் திறந்து பேசுகிறார்கள், நாம் மரியாதையாகக் கேட்டால்.

மாட்டுக்காரர் என்றால் வெள்ளைக்காரர் என்ற படமும் முழு உண்மை அல்ல. கயிறு வீசுவது, சேணம், குதிரையில் இருந்து மாடு மேய்க்கும் முறை எல்லாம் மெக்சிகோவின் மாட்டுக்காரர்களிடமிருந்து வந்தவை. உள்நாட்டுப் போருக்குப் பிறகு டெக்சாஸிலிருந்து கன்சாஸ் ரயிலடிக்கு மந்தை ஓட்டியவர்களில் கறுப்பினத்தவரும் கணிசமாக இருந்தார்கள்.

தூரதேசி

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. அப்பாவிடம் கோமாரி விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது, தம் மாடுகள் அந்த நோயில் பட்ட பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தார். செப்டம்பருக்கே முயல்கிறோம். அப்பா முதல் இரண்டு வாரம் எங்களோடு நகரத்தில் இருந்துவிட்டுத்தான் பண்ணைக்கு வருவார்.

மிச்சமிருப்பது குதிரை. அப்பாவால் ஏற முடியாது. நாங்கள் மூவரும் ஏறியதே இல்லை. அதற்குள் என்ன பழகிக்கொள்ளலாம்?

புல்வெளி

அப்பாவுக்குப் பிக்கப் வண்டி இருக்கிறது. எல்லாப் பண்ணையிலும் உப்பும் வேலிச்சாமானும் ஏற்றிக்கொண்டு ஒருவர் வண்டியில் போவார், பெரும்பாலும் அந்த வீட்டின் மூத்தவர். "எங்கள் அப்பாவை அந்த வண்டியில் சேர்த்துக்கொள்வீர்களா?" என்று கேளுங்கள். வாழ்நாள் முழுவதும் மாடு வைத்திருந்தவர் என்பதையும் சொல்லுங்கள். மொழி தடையாக இருக்காது. பசுவின் மடியையும் நடையையும் பார்த்து இருவரும் கைகாட்டிப் பேசிக்கொள்வார்கள்.

உங்களுக்கு: நீங்கள் இருக்கும் ஊரில் மேற்கத்திய சேணத்தில் கற்றுத்தரும் இடமாகப் பார்த்து இப்போதே வகுப்பில் சேருங்கள். இடப்பக்கமாக ஏறுவது, அங்கவடியில் (சேணத்தில் தொங்கும் கால்வளையத்தில்) பாதத்தின் முன்பகுதியை மட்டும் வைத்துக் குதிகாலைத் தாழ்த்துவது, ஒரு கையால் கடிவாளம் பிடிப்பது, நிறுத்துவது, இவை போதும். நாலுகால் பாய்ச்சல் தேவையே இல்லை, மாட்டு வேலையில் பாதிக்கு மேல் நடைதான். தொடைத் தசைதான் முதலில் வலிக்கும், அதனால் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியை இப்போதே தொடங்கலாம். பல பண்ணைகளில் 200 முதல் 250 பவுண்டு வரை எடை வரம்பு உண்டு, மறைக்காமல் சொல்லுங்கள், குதிரையின் முதுகு பற்றிய விஷயம் அது.

காலணிக்குச் சிறிய குதி வேண்டும், அங்கவடிக்குள் பாதம் முழுதாக நுழைந்துவிடாமல் தடுப்பது அதுதான். புதுக் காலணி வாங்கினால் வீட்டிலேயே போட்டுப் பழக்கிவிடுங்கள். ஹெல்மெட் கேட்டு வாங்குங்கள், பண்ணைக்காரர் தொப்பி போட்டிருக்கிறாரே என்று கூச்சப்பட வேண்டாம். மழைக்கோட்டு சலசலக்காத துணியாக இருக்கட்டும், காற்றில் படபடத்தால் குதிரை மிரளும். ஏறிய பிறகு குதிரை மேல் உட்கார்ந்தபடி கோட்டை மாட்டவும் வேண்டாம், இறங்கி மாட்டுங்கள். பிற்பகலில் இடி கேட்டால் முகட்டிலிருந்து இறங்கச் சொல்வார்கள், முள்கம்பி வேலியை விட்டும் தள்ளி நிற்கச் சொல்வார்கள். காரணம் கேட்காமல் உடனே கேட்டு நடங்கள், விளக்கத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

மந்தையை ஓட்டும்போது உங்களைக் கடைசியில், புழுதியில் விடுவார்கள். மூக்கை மூடக் கழுத்துத்துணி எடுத்துப்போங்கள். மெதுவாக நடக்கும் கன்றுகளும் கிழட்டுப் பசுக்களும் கடைசியில்தான் வரும், கன்று பின்தங்கினால் தாய் திரும்பிப் பின்னால் ஓடப் பார்க்கும். அவற்றைப் பொறுமையாக ஒன்றுசேர்த்து நடத்துவது சின்ன வேலை அல்ல. மகளை அங்கே வீட்டுக்காரர் பக்கத்தில் விடச் சொல்லிக் கேளுங்கள்.

வெள்ளைக்கோட்டு

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கன்றோடு இருக்கும் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே, குதிரையில் இல்லாமல் தரையில் நடந்து போகாதீர்கள். நம் மாடுகளைப் போல் மனிதக் கைக்குப் பழகியவை அல்ல இவை. அப்பாவிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள், அவர் பழக்கத்தில் தடவிக்கொடுக்கப் போய்விடுவார்.

தூரதேசி

சொல்லிவிட்டேன் ஐயா. இன்று ஒரு பண்ணையோடு பேசினேன். எத்தனை பசு என்றதற்கு "கையிருப்பு போதும்" என்றார். போன செப்டம்பரில் அதே வாரம் என்ன செய்தீர்கள் என்றேன். முன்கூட்டியே பனி விழுந்ததால் மந்தை தானாகவே மலையிலிருந்து இறங்கிக் கதவருகே வந்து நின்றது, எங்கெங்கோ சிதறியிருந்த மிச்ச மாடுகளைத் தேடியதிலேயே விருந்தினர்களுக்கு வாரம் போனது என்றார். சைவ உணவு முடியும், வண்டியில் அப்பாவுக்கு இடமுண்டு, அவருடைய தந்தைதான் ஓட்டுகிறாராம். விமானம் ஷெரிடனுக்கா, பில்லிங்ஸுக்கா என்பதுதான் இப்போது கேள்வி.

புல்வெளி

பில்லிங்ஸ். விமானங்கள் அதிகம், டிக்கெட்டும் பெரும்பாலும் மலிவு. அங்கிருந்து ஷெரிடன் காரில் இரண்டு மணி நேரம், பழங்கதை சொன்ன போர்க்களம் வழியிலேயே வருகிறது. பண்ணைக்கு இருட்டுவதற்கு முன் போய்ச் சேருங்கள், அந்தி நேரத்தில் சாலையில் மான்கள் குறுக்கே பாயும். மளிகையும் பருப்பும் பில்லிங்ஸிலேயே வாங்கிவிடுங்கள்.